குட்டை நூல் மேலே

குமாசி மருத்துவமனையின் பின்கட்டில்
ஜன்னல் இல்லாத அறை என்னுடையது.
பதினொன்று ஏழுக்கு உடம்பைவிட்டு வந்த துண்டு
பதினொன்று பன்னிரண்டுக்கு
யாவ் டுஃபூர் கையில், மூடி போட்ட டப்பாவில்
என் மேசைக்கு வந்தது.
ஓடாதே என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்,
நிற்காதே என்றும்.

இரண்டு நூல் கட்டியிருந்தார்கள்.
குட்டை நூல் மேற்பக்கம், நெட்டை நூல் வெளிப்பக்கம்.
அது இல்லாவிட்டால்
உள்ளங்கை அளவு மஞ்சள் கொழுப்புக்கு
ஏது தலை, ஏது கால்.

டப்பாவின் சீட்டைப் படித்தேன்:
செர்வா அம்போன்சா. ஐம்பத்து மூன்று. இடது மார்பு.
படிவத்தைப் படித்தேன்:
செர்வா அம்போன்சா. ஐம்பத்து மூன்று. வலது மார்பு.

கத்தியைக் கீழே வைத்தேன்.

அறுவை அரங்கில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.
கையுறை இல்லாத கை
அங்கே ஒன்றுகூட இல்லை போலும்.
யாவைத் திருப்பி அனுப்பினேன்.
இந்த முறை ஓடு என்றேன்.

பதறாத காரியம் சிதறாது, சரி.
துண்டுக்கு அந்தப் பழமொழி தெரியாது.
ரத்தம் நின்ற நிமிஷத்திலிருந்து
உள்ளே ஒவ்வொன்றாய்க் கழன்றுகொண்டிருக்கிறது,
ஈரச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி.
ஆய்வுக்காரர்கள் படிக்கக் கேட்பது
அந்த நோட்டீஸைத்தான்.
அரை மணிக்குள் உறைந்தாக வேண்டும்.

கதவோரம் ஆய்வு மாணவன் இசாக்கா,
நைட்ரஜன் குடுவையின் கழுத்தில் புகை வழிய.
"ஒரு பட்டாணி அளவு போதும்" என்றான்.
"யாருடைய பட்டாணி?" என்றேன்.
அதன்பிறகு அவன் பேசவில்லை.

பதினொன்று முப்பத்தேழு.
குடுவை மூடும் சத்தம் கேட்டது,
திரும்பிப் பார்க்கவில்லை நான்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு டாக்டர் ஜிமாவே வந்தாள்,
தலையுறைகூடக் கழற்றாமல்.
"இடது. படிவம்தான் தப்பு.
எழுதியது நான்தான்."
அடித்தாள், திருத்தினாள்,
நேரம் போட்டுக் கையெழுத்திட்டாள்.
யாரும் யாரையும் திட்டவில்லை.
திட்டுவதற்கும் நிமிஷம் வேண்டுமே.

பிறகு மை.
மேலே நீலம், கீழே பச்சை,
உட்பக்கம் ஆரஞ்சு, அடியில் கறுப்பு.
சாயம் பிடிக்க மேலே வினிகர்.
அறுத்தேன்.
பச்சைக் கொய்யாவின் விதையில் பட்டதுபோல்
நடுவில் கத்தி கரகரத்தது.
அங்கேதான் இருந்தது அது,
வெள்ளையாய், கால் பரப்பி.

ஃபார்மலினில் இறங்கியது பதினொன்று ஐம்பத்திரண்டு.
ஏட்டில், ஆய்வுக்கு: எடுக்கவில்லை.
காரணம் எழுதும் கட்டம் ஒரு விரல் அகலம்தான்.
'இட வலம்' என்று எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து
நீல மெழுகுச்சாயத் துணியில்
ஒரு பெண் என் கதவைத் தட்டினாள்.
கெஜெட்டியா சந்தையில் துணிக்கடையாம்.
"மிச்சத்தை ஆய்வுக்கு எடுக்கலாம் என்று
கையெழுத்துப் போட்டேனே, எடுத்தீர்களா?"

இல்லை என்றேன்.
ஏன் என்றாள்.
சொன்னேன், ஒரு சொல்லும் குறைக்காமல்.

கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"விளிம்பு சுத்தம் என்றாளே டாக்டர்,
எவ்வளவு?"

"கறுப்பு மையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து,
சேர்த்து, இன்னும் கொஞ்சம் சேர்த்து
அந்த இடுக்கில் என்னைப் பார்த்தாள்.
"இதற்கெல்லாம் என் கடையில்
கத்தரிக்கோலையே எடுக்க மாட்டேன்" என்று
சத்தமாய்ச் சிரித்தாள். சிரிப்பு
எங்கேயோ தையலை இழுத்திருக்க வேண்டும்,
நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

மிச்சம் மெழுகில் இருக்கிறது என்றேன்,
பதினாலு கட்டி, அலமாரியில் மூன்றாம் தட்டு.
உறைந்ததில் படிப்பதை எல்லாம் அதில் படிக்க முடியாது,
ஆனால் நெடுநாள் இருக்கும்.

"யாராவது கேட்டால் கொடு" என்றாள்.
"அளந்து கொடு."

எழுந்து நடைக்கு வந்தவள்
பேருந்து நிற்கும் வாசல்
இடதா வலதா என்று கேட்டாள்.
வலது என்றேன்.

அவள் திரும்பி மறைந்த பிறகு
நானும் வெளியே வந்து
ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.