ரசமட்டம்

டுவேன் உயிலில் எழுதியது ஒரே வரி:
டிரெய்லர் அவர்கள் இருவருக்கும்.
இருவர் என்றால்
முதலில் கட்டிய ஆர்டித்,
பின்னால் கட்டிய நான்.
வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி அதையே வாசித்தார்.
சக்களத்திச் சண்டைக்கு வேண்டிய ஆள்
போய்ச் சேர்ந்துவிட்டான்.

பெட்டோஸ்கியில் ஒருவர் வாங்கத் தயார்,
கொண்டுவந்து காட்டினால்.
இழுக்கும் கார் என்னிடம்.
அடுப்பைப் பற்றவைக்கும் சூட்சுமம் அவளிடம்.
அப்படித்தான் இந்த ஜூலையில்
ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி காபிக்குக்கூடப் போகாத நாங்கள்
மிச்சிகன் ஏரியை இடக்கையில் வைத்துக்கொண்டு
வடக்கே கிளம்பினோம்.

சாலையெங்கும் கோடை விற்பனைக்கு இருந்தது.
கூரையில் படகைக் கவிழ்த்துக்கொண்ட கார்கள்.
ஆளில்லாத செர்ரிக் கடை:
பலகைமேல் கூடைகள், காசு போட ஒரு காபி டப்பா.
ஆர்டித் சில்லறையை இரண்டு முறை எண்ணிப் போட்டாள்.
நான் பார்க்கிறேன் என்பதற்காக இருக்கலாம்.
முப்பது மைல் தூரம்
கொட்டைகளை ஜன்னல் வழியே துப்பினோம்,
அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம்.
பேச்சு அவ்வளவுதான்.

முகாமில் எங்கள் இடம் நாற்பத்தொன்று,
இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே.
பின்பக்கமாக நுழைக்க வேண்டும்.
டிரெய்லரைப் பின்னால் தள்ளுவது தலைகீழ்க் கணக்கு:
அது இடப்பக்கம் போக நாம் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
அதை அவன்தான் செய்வான்.
நாங்கள், அவரவர் காலத்தில்,
பின்னால் நின்று கை காட்டியவர்கள்.

மடக்கு நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது,
பீர் டப்பாவை வயிற்றின்மேல் நிறுத்தியபடி.
நான் ஒடித்தேன். அவள் கத்தினாள்:
வரலாம், வரலாம், வரலாம், நில்லு!
ஏழாவது முறை குப்பைத்தொட்டி சாய்ந்தது.
ஒன்பதாவது முறை
கதவைத் திறந்து "நகரு" என்றாள்.
எழுபத்தொரு வயது. காலில் ரப்பர் செருப்பு.
கழுத்தைத் திருப்பி, ஒரே வளைவில்.
நாற்காலிகள் கைதட்டின.

"எப்போது கற்றுக்கொண்டாய்?"
"அவன் போன பிறகு. தம்பியின் படகை இழுத்து."
எந்தப் போனது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
"ஒன்பது முறை சும்மா பார்த்துக்கொண்டிருந்தாயே?"
"நன்றாக இருந்தது."

பக்கத்து இடத்துக்காரி சோளக்கதிர் கொண்டுவந்தாள்.
அக்கா தங்கையா என்றாள்.
ஆமாம் என்றாள் ஆர்டித்.
அதே மூச்சில் இல்லை என்றேன் நான்.

அடுப்புக்கு மேல் அலமாரிக் கதவின் உட்புறம்
ஒரு தாள், பழுப்பேறி:
ஆன்டெனாவை இறக்கு. கேஸை மூடு.
சங்கிலியைக் குறுக்காக மாட்டு.
அந்தச் சாய்ந்த கையெழுத்து
அவன் அம்மாவுடையது என்று
பத்தொன்பது கோடைகள் நினைத்திருந்தேன்.
அதற்கடியில் ஒரு வரி நானும் சேர்த்திருந்தேன்:
படியை மடக்க மறக்காதே.
ஆர்டித் தன் எழுத்தைத் தாண்டி
என் எழுத்துக்கு வந்து நின்றாள்.
"எப்போதும் மறப்பான்," என்றாள். "இரண்டு படி வாங்கினோம்."
"நாங்கள் மூன்று."
இன்று மதியம் லடிங்டனில்
சாப்பிட்டுக் கிளம்பிய அவசரத்தில் நாங்களும் மறந்தோம்.
எந்த வளைவில் கழன்று கிடக்கிறதோ அது.

பெட்டோஸ்கிக்காரர் ஃபோன் செய்தார்.
"படி இல்லை," என்றாள் அவள்,
"வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறோம்."
எத்தனை நாளாகும் என்று கேட்டிருப்பார்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் தரையில் மண்டியிட்டு
ரசமட்டத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.
சக்கரத்தடியில் ஒரு பலகை: குமிழி அந்தப் பக்கம்.
உருவினால் இந்தப் பக்கம்.
வெளியே கடைசி மோட்டார் படகு
எப்போதோ கிளப்பிவிட்ட அலை
இப்போதுதான் கரைக்கு வந்தது.

குமிழி நடுவுக்கு ஒரு மயிரிழை தள்ளி நின்றது.
"முட்டை உருளாது," என்றேன்.
"போதும்."