எப்பா

ஐஸ் கட்டிக் கணக்கு எழுதுவது தமிழில்.
பேரம், பாதிக்கு மேல் சிங்களத்தில்.
உள்துறைமுக வீதியில் எங்கள் கடைக்கு
நாலு மணிக்கே படகுக்காரர் வந்துவிடுவார்கள்.

அந்த மொழி எனக்கு அறிமுகமானது
சோதனைச் சாவடியில்.
அடையாள அட்டையைக் கேட்டது,
பையைக் கொட்டச் சொன்னது.
பதினேழு வயதில் எனக்கு அதில் இரண்டே சொல்:
ஓம். இல்லை.

பிறகு திருமலை ஆஸ்பத்திரி, பிரசவ வாட்டு,
விடியப்புறம் மூன்று மணி.
சந்தமாலி மிஸ்ஸி முழங்காலை அழுத்திப் பிடித்து
"பய வென்ன எப்பா" என்றாள்.

பயம் எனக்குத் தெரிந்ததுதான்.
அவர்களிடம் ஒரு 'ம்' குறைவு, அவ்வளவே.
எப்பா புதிது.
வேண்டாம் என்பதை
இப்படி மெத்தென்றும் சொல்லலாமா?

இப்போது பூனை சூரையில் வாய் வைத்தால் எப்பா,
மகன் செருப்பில்லாமல் வெயிலில் இறங்கினால் எப்பா,
கோட்டை மான் ஒன்று கடைக்குள் தலை நீட்டி
வாழைப்பழத் தோலை இழுத்தால்
எப்பா, எப்பா.

"தமிழில சொல்லு, அது நம்ம ஊர் மான்"
என்று இவர் சிரித்தார்.
சொன்னேன்.
ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்
தின்னத் தொடங்கியது.