பெயர் மாற்றம்

உரக்கடை டைரியில்
அதிகாரிகள் எழுதுகிற பச்சை மையில்
எழுதிவைத்திருந்தார்:
குசிநகர், லும்பினி, சாரநாத், கயா.
வரிசை தப்பு என்றேன் அப்போதே.
பிறந்த ஊரை விட்டுவிட்டு
செத்த ஊருக்கா முதலில் போவது?

கயா வண்டியில் வெயிட்டிங் லிஸ்ட் நூற்றுப் பதினாலு,
கோரக்பூர் வண்டியில்தான் இடம் என்றார்.
ஆக, ரயில்வே கணக்குப்படி
புத்தர் முதலில் சாவார்,
மறுநாள் பார்டர் தாண்டிப் பிறப்பார்,
சாரநாத்தில் பாடம் நடத்துவார்,
கடைசியாகத்தான் ஞானம் பெறுவார்.
எங்கள் ஹெட்மாஸ்டர் மாதிரி என்றேன்.
சிரிக்கவில்லை.
டார்ச் லைட், இரண்டு, என்று எழுதிக்கொண்டார்.

மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறியவர்.
அனுப்பானடி சைக்கிள் கடை மாடியில்
ஞாயிறுதோறும் கூடுகிற ஆறு பேரில்
தியானத்தில் குறட்டை விடுகிறவர் அவர்தான் என்று
பொற்கொடி சொல்லித்தான் தெரியும்.
நான் அந்தப் படி ஏறியதில்லை.
மாவு மில்லை யார் பார்ப்பது?

மூட்டுக்குப் பயிற்சி என்று
கீழக்குயில்குடி சமணர் மலை ஏறினார்கள்.
வடை விற்ற பையன் பாறைச் சிற்பத்தைக் காட்டி
புத்தர் என்றானாம்.
இல்லை, மகாவீரர் என்றாளாம் பொற்கொடி.
எங்க ஊர்ல செட்டியாருன்னுதான் சொல்லுவோம் என்றாளாம்
ஆடு மேய்த்தவள்.
மூன்று பேருக்கும் சேர்த்து
ஒரே கும்பிடாகப் போட்டுவிட்டேன் என்றார்,
கையில் எண்ணெய்க் காகிதத்தோடு.

ஐப்பசி மழையில் பெரியாஸ்பத்திரி.
கட்டில் நீளம் அவருக்குப் பத்தவில்லை.
போர்வையைக் கீழே இழுத்தால் தோள் தெரியும்,
மேலே இழுத்தால் கால்.
ஒன்பது நாள் அந்தப் பாதங்களைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
வலது குதிகாலில்
என்றைக்கோ ஷாக் அடித்த தழும்பு.

பதினாறு முடிந்து மல்லையா வந்தான்.
டிக்கெட்டை என்ன செய்ய அக்கா?
கேன்சல் செய்தால் பாதிதான் வரும்.
பாதி வேண்டாம் என்றேன்.
அப்படித்தான் ஆரம்பித்தது.
பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஜங்ஷன் கவுண்டரில்
ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, ஜெராக்ஸ் இரண்டு.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்
அறுபத்து மூன்றை அடித்து ஐம்பத்தெட்டு என்று எழுதினாள்,
ஆணை அடித்துப் பெண் என்று எழுதினாள்.
பெயரை அடிக்கும்போது பேனா எழுதவில்லை.
உதறிப் பார்த்தாள்.
என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன், பச்சை.
ஒரு தடவைதான் மாற்றலாம்,
அப்புறம் யாருக்கும் மாற்ற முடியாது என்றாள்.
தெரியும் என்றேன்.

இன்று ராத்திரி
வண்டிக்குப் புளியோதரை தாளிக்கப் பார்த்தால்
டப்பாவில் கடுகு இல்லை.
பக்கத்து வீட்டு ருக்சானா
உள்ளங்கை நிறையத் தந்தாள்.
உங்கள் வீட்டில் யாராவது செத்ததுண்டா என்று
நான் கேட்கவில்லை.
போன வருஷம் அவள் தம்பியை
ஆட்டோவில் தூக்கி ஏற்றியதில்
ஒரு கை என்னுடையது.

டைரியைப் புரட்டினேன்.
லும்பினிக்கு நேரே: கொசுவலை.
சாரநாத்: செருப்பு பத்திரம்.
கயா: அரசிலை தானாக விழுந்தால் மட்டும் எடுப்பது.
குசிநகருக்கு நேரே
ஒரு கோடு, அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
அங்கே இருபதடி நீளத்தில்
வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாராம்,
கழுத்துவரை போர்த்திவிடுவார்களாம்.
பொற்கொடி போனில் படம் காட்ட வந்தாள்.
வேண்டாம் என்றேன்.

கோட்டின் மேல் எழுதினேன்: கால்.
அப்புறம் ஸ்வெட்டர், மூட்டுத் தைலம்,
மில் சாவி மல்லையா பெண்டாட்டியிடம்.
டார்ச் லைட், இரண்டு.
ஆறு பேரும் அவரவர் டார்ச் கொண்டுவருகிறார்கள்;
இவருக்கு எதற்கு இரண்டு என்று
அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

அடிக்கவில்லை.
கீழ் பெர்த் கிடைக்குமா என்று மட்டும்
காலையில் விசாரிக்க வேண்டும்.