கால் நனையாத ஏழு நாள்

சின்னப்பாலத்தில் வத்தை கிளம்பும்போது
விடிந்திருக்கவில்லை.
பதினோரு பெண்கள், ஆளுக்கொரு வலைப்பை.
விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டே
நம்புவள்ளி கேட்கிறாள்:
"ஐரோப்பா போய் வந்தவளே, வாயைத் திற."

ஏழு நாள் கப்பலில் இருந்தேன்,
கால் நனையவில்லை என்றேன்.
யாரும் நம்பவில்லை.

டெல்சிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
இரண்டு வருஷக் காசில் சீட்டெடுத்தாள்,
பாசாவில் ஏறி, புடாபெஸ்ட் போய்த் திரும்ப.
டானூப் என்று பேர் அந்த ஆற்றுக்கு.
இக்கரையும் தெரியும், அக்கரையும் தெரியும்,
இது என்ன பயணம் என்று
முதல் நாள் எனக்குச் சிரிப்புதான்.
மேசைமேல் வைத்த தண்ணீர்
வைத்தபடி இருக்கிறது.
வாந்திக்கு வாங்கிய மாத்திரை
பிரிக்காமலே ஊர் வந்து சேர்ந்தது.

ஏறிய ஊரிலேயே ஒரு சுவர்.
கோடு கோடாய்க் கிழித்து வருஷம் எழுதியிருந்தது,
வெள்ளம் நின்ற உயரமாம்.
ஐந்நூறு வருஷத்துக் கோடும் உண்டு, என் தலைக்கு மேலே.
எல்லாரும் படம் பிடித்தார்கள்.
நம் பக்கம் அறுபத்து நாலில் வந்த தண்ணீருக்கும்
கோடு போடலாம்தான்.
சுவர் வேண்டுமே.

தினம் ஒரு ஊரில் இறக்குவார்கள்.
சிவப்புக் குடை பிடித்த ஒருத்தி முன்னால் நடப்பாள்,
பின்னால் நாங்கள் நாற்பது பேர்,
காதில் ஆளுக்கொரு கருவி.
அவள் மூச்சுவிடாமல் சொல்வதை
டெல்சி ஒரு சொல்லாக்கித் தருவாள்:
"மடம்மா." "கோட்டைம்மா." "இதுவும் சர்ச்தாம்மா."
மூன்றாவது சர்ச்சில் முழங்கால் போட்டேன்.
பாதி ஜெபத்தில் குடை நகர்ந்துவிட்டது.

"சாப்பாடு?" இது மூக்கம்மாள்.
முள் எடுத்த மீன்.
தலை எங்கே என்று கேட்டேன்,
டெல்சி தொடையில் கிள்ளினாள்.
கடைசியில் ஒரு கிண்ணம் வந்தது, சிவப்பாய், நடுங்கிக்கொண்டு.
கரண்டியால் அமுக்கிப் பார்த்துச் சொன்னேன்:
இது நம்ம மரிக்கொழுந்துடி,
நான் அறுத்த பாசி, மதுரைக்குப் போய், எங்கெங்கோ போய்,
எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கு.
டெல்சி எழுந்துபோய் விசாரித்து வந்தாள்.
இல்லையாம். பன்றி எலும்பாம்.

வத்தை குலுங்கச் சிரிக்கிறார்கள்.
எஞ்சின் பக்கமிருந்து பிச்சையும்.

"பாம்பன் மாதிரி பாலம் தூக்குவாங்களா, கப்பலுக்கு?"
பாலத்தை இல்லை, தண்ணியையே தூக்குறான்.
முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு,
நடுவில் கப்பலை நிறுத்தி ஆற்றை நிரப்புகிறான்.
நடு ராத்திரி. டெல்சி உறங்குகிறாள்.
ஜன்னலைத் தள்ளினேன்,
மூக்குக்கு முன்னால் ஈரச் சுவர்
மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது.
அதில் பச்சையாய், மயிர் மயிராய்.
கை என்னைக் கேட்கவில்லை.
ஒரு பிடி பிய்த்து, நகத்தால் மண் தட்டி,
நுனி நாக்கில் வைத்தேன்.
உப்பே இல்லை.
பிள்ளை பெற்ற வீட்டுக் கஞ்சி மாதிரி, சப்பென்று.
கண் விழித்த டெல்சி கத்தினாள்,
"அம்மா, கை போயிடும்!"
இந்தக் கையா, என்றேன்.

அதைக் கிண்ணத்தில் போட்டுக் காயவைத்தேன்.
காலையில் அறை துடைக்க வந்த பையன்
குப்பை என்று கொண்டுபோய்விட்டான்.

"கிலோ என்ன விலைக்கு எடுப்பான் அங்கே?"
தெரியலை மூக்கம்மா.
"அதைக்கூடக் கேக்காம வந்திருக்கா பாரு."

குருசடையைத் தாண்டிவிட்டோம்.
வனத்துறைப் படகு கண்ணில் படவில்லை.
பிச்சை எஞ்சினை அணைக்கிறான்.
கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்க்கிறேன்.
"ஏழு நாள்ல ஒரு தடவையாச்சும் முங்குனியா?"
என்கிறாள் நம்புவள்ளி.
நான் பதில் தேடுவதற்குள்
அவள் இருந்த இடத்தில் வெறும் நுரை.

நானும் குதித்தேன்.
காலில் கட்டிய தட்டு இடறுகிறது,
பாறை தெரிகிறது, பாசி தெரிகிறது,
கைக்கு ஒரு முழம் இருக்கும்போது
மூச்சு தீர்ந்தது.
வெறுங்கையோடு மேலே வந்து
வத்தையின் விளிம்பைப் பிடித்து இருமுகிறேன்.
வாயெல்லாம் உப்பு.

நம்புவள்ளியின் பை
அதற்குள் கால்வாசி.