தொடாச்சிணுங்கி

ஜூன் மாதம். ஏரிப் பக்கமிருந்து ம்வேரா காற்று.
ரும்பிக்கு மேலே, செம்மண் சாலை முடிகிற இடத்தில்
ஒரு சுகாதார நிலையம்.
பின்னறையில் வெள்ளைக் குளிர்ப்பெட்டி,
உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளுக்கான
தட்டம்மை ஊசி.

திறக்காதே என்கிறது கதவு.
வெட்டாதே என்கிறது ஒயர்மேல் ஒட்டிய தாள்.
திறக்காமல் வெட்டாமல்
அது ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்ல
மோட்டார் சைக்கிளில் தொண்ணூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

என் பையில் ஒரு பேனா. எழுதாது.
கரண்ட் உள்ள கம்பிக்கு அருகே கொண்டுபோனால்
மூக்கு சிவந்து கத்தும்.
தொட்டால் சுருங்குகிற செடி
வழியெல்லாம் பார்த்தேன்.
இது அதற்கு நேர்மாறு,
தொடாச்சிணுங்கி.

எடுத்த எடுப்பில் அதை நம்பமாட்டேன்.
விளக்கு எரிகிற பிளக்கில் முதலில் காட்டுவேன்: கத்துகிறதா?
பிறகு சந்தேகக் கம்பியில்.
பிறகு மறுபடியும் அதே பிளக்கில்.
சவானங்வா ஒரே தடவைதான் கேட்டான்,
அதுவும் கம்பியிடம்.
பேனாவின் பேட்டரி செத்துப்போயிருந்தது.
இரண்டு மௌனமும் ஒரே மாதிரிதான் கேட்கும்.
அவன் ஏணி இன்னும் கிடங்குச் சுவரில் சாய்ந்திருக்கிறது.
எல்லாரும் வேறு ஏணி கேட்கிறார்கள்.

பெட்டியின் ஒயரில் பேனா கத்தியது.
சரி, வாசல்வரை வந்திருக்கிறது.
உள்ளே போகிறதா என்பதை
வளையத்திடம்தான் கேட்க வேண்டும்.
ஒயரைச் சுற்றி வாய் மூடும் வளையம்,
தோலைக் கீறாமல் ஓட்டத்தை எண்ணும்.

மாட்டினேன். பூச்சியம்.
கழற்றித் துடைத்து மாட்டினேன். பூச்சியம்.
பெட்டியோ உறுமிக்கொண்டிருக்கிறது.
நர்ஸ் தியாம்பிக்கே சிரித்தாள்:
"காதை வைத்துப் பாரேன், தொவேரா.
அதற்காகவா இவ்வளவு தூரம்?"

போகிற கம்பியும் திரும்புகிற கம்பியும்
ஒரே உறைக்குள்.
எவ்வளவு போகிறதோ அவ்வளவும் திரும்புகிறது.
வெளியே நின்று பார்க்கிறவருக்கு
ஒன்றுமே நடக்கவில்லை.
அப்படிச் சில வீடுகள் எனக்குத் தெரியும்.

பையில் ஒரு துண்டு ஒயர் வைத்திருக்கிறேன்,
நானே செய்தது.
உறையை உரித்து இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தது.
அதை நடுவில் செருகி
ஒன்றை மட்டும் வளையத்துக்குள் விட்டேன்.
புள்ளி ஒன்பது ஆம்பியர்.
தியாம்பிக்கே சிரிப்பை நிறுத்தாமல்
அட்டையில் எழுதிக்கொண்டாள்.

வளையத்தை அங்கேயே விட்டு வந்தேன், ஒரு சிம் கார்டோடு.
காவல்காரர் முஹாங்கோவிடம் இன்னொரு பேனா.

இரவு இரண்டு மணி. செய்தி: பூச்சியம்.
"பச்சை விளக்கு எரியுதா?"
"எரியுது."
"சத்தம்?"
"இல்லம்மா."
"பேனா?"
"கத்துது. நீ சொன்ன மாதிரி மூணு தடவையும் பாத்துட்டேன்."

வாசல்வரை வந்து நிற்கிறது,
உள்ளே அழைக்க ஆளில்லை.
கம்ப்ரஸர் எரிந்திருக்கும்.
ஐஸ் பெட்டி எங்கே கிடைக்கும் இந்நேரத்தில்,
பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது,
முந்நூற்றுப் பன்னிரண்டு.
கம்பளிச் சட்டை போட்டு, ஹெல்மெட் மாட்டி,
சாவியைத் தேடினேன்.
கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

எடுத்து நிமிரும்போது போன் மினுங்கியது:
புள்ளி ஒன்பது.

போதிய குளிர் வந்ததும் அதுவாகவே நிறுத்திக்கொள்ளும்,
கொஞ்சம் இருந்துவிட்டுத் திரும்ப ஓடும்.
தெரியாததா? பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
இருபத்தைந்து நிமிடப் பூச்சியத்துக்கு
யாரையும் எழுப்ப வேண்டாம்.
எழுதிவிட்டு, ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தேன்,
அடுத்த பூச்சியம் வரைக்கும்,
அது முடிகிற வரைக்கும்.

நடுவே, பையிலிருந்த பேனா
கம்பளியில் உரசி
கம்பியே இல்லாத இருட்டைப் பார்த்து
ஒரே ஒரு தடவை கத்தியது.