கொடி

வேதாளைக்கும் மரைக்காயர்பட்டினத்துக்கும் நடுவே
சைக்கிள் பாதையைப் பெயர்த்துப் போட்டு
நாற்பத்தொரு நாள்.

விடியுமுன் நண்டுக் கம்பெனிக்கு மிதிக்கிறோம்.
ஜல்லி, அப்புறம் மணல், மறுபடி ஜல்லி.
டைனமோ வெளிச்சம் மிதிக்கிற அளவுக்குத்தான்;
பயந்து மெதுவாகப் போனால்
அதுவும் பயந்துகொள்கிறது.

‘வேலை நடக்கிறது’ என்கிறது பலகை.
வேலையைத்தான் காணோம்.

வியாழக்கிழமை சின்னப் பாலத்துக் குழியில்
ரொக்கையா விழுந்தாள்.
டிபன் பாக்ஸ் மூடி இன்னும் அடியில் கிடக்கிறது.

சனிக்கிழமை பார்த்தால்
குழிக்குள் யாரோ கம்பு நட்டிருக்கிறார்கள்:
தெர்மாக்கோல் மிதவை, கறுப்புக் கொடி,
உச்சியில் மினுக்கும் பேட்டரி லைட்.
கடலில் வலை கிடக்கிற இடத்துக்கு
வள்ளக்காரர்கள் வைக்கிறதேதான்.

எட்டு சைக்கிளும் ஒதுங்கிப் போகிறோம்.

‘விசைப்படகுக்காரன் ஒருநாளாவது
இதைப் பார்த்து இப்படி ஒதுங்கியிருப்பானா’
என்கிறாள் ரொக்கையா,
கட்டுப் போட்ட கையோடு,
பின் கேரியரிலிருந்து.