எந்த வருடத்து வீடு

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மாலை ஆறரை.
நகர மன்றத்தின் கீழ்த்தளத்தில்,
கொதிகலன் உறுமும் அறையில்
ஐந்து பேர் கூடி
பழைய வீடுகளின் தலையெழுத்தைத் திருத்துகிறோம்.
நான் குறிப்பெழுதுகிறவள்.
எனக்கும் ஓட்டு உண்டு. பெரும்பாலும்
எல்லோரும் தூக்கிய பிறகு தூக்குவேன்.

இதுவரை காப்பாற்றியவை:
வங்கியின் தகர முகப்பு,
தேவாலயத்தின் ஒரு பக்கத்து ஜன்னல்கள்,
ரயிலடிக் கழிப்பறை. அதற்கு நாலு மாத வாக்குவாதம்.
காப்பாற்றாதது தானியக் கிடங்கு.
அங்கே இப்போது கார்கள் நிற்கின்றன.
மழை விட்டுக் காயும்போது மட்டும்
தாருக்கு அடியிலிருந்து அதன் அஸ்திவாரம்
நீள்சதுரமாய் ஈரம் காட்டும்.
அரைமணி நேரம். அப்புறம் அதுவும் இல்லை.

மிசிசிப்பிக் கரையில்
அயோவாவின் வரைபடம் மடிகிற இடத்தில் எங்கள் ஊர்.
மடிப்பில் தேய்ந்து பெயரில் பாதி காணோம்.

மார்ச் மாதம் டுவேன் ஹூசக் வந்தார். லாரி ஓட்டுநர்.
மூன்றாம் தெரு, பதினேழாம் எண்.
கூரை ஒழுகுகிறது, மானியம் வேண்டும்.
தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்,
பல் பிடுங்க வந்தவர் மாதிரி.

வீடு ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்கு.
மரம் விற்றுப் பணம் பார்த்தவன்
செங்கல்லில் கட்டியது.
வாசலில் மட்டும் ஒரு கான்கிரீட் சாய்தளம்,
விரிசல் விட்டு, இடப்புறம் அமுங்கி.
அதை இடித்தால் மானியம். விதி அப்படி:
பிற்காலத்தில் ஒட்டியதெல்லாம் ஒட்டுண்ணி.

தலைவர் லோர்னா ட்வெய்ட் ஒரு புகைப்படத்தை நகர்த்தினார்.
ஐந்து கல்படிகள். மேல்படியில்
அசைந்துவிட்டதால் முகம் இல்லாத ஒரு நாய்.
"இந்த நிலைக்கு மீட்போம்" என்றார்.
ஹூசக் தலையாட்டினார்.
"இடிக்கலாம். பனிக்காலத்தில் வழுக்கத்தான் செய்கிறது.
ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு இடிக்கச் சொல்லுங்கள்."

சனிக்கிழமை போனோம்.
அவர் துடைப்பத்தால் உருகுபனியைத் தள்ளினார்.
கீழ் ஓரத்தில் ஆணியால் கீறியது:
ஆகஸ்ட் 1952.
அங்கிருந்து மேலே, இணையாக,
இரண்டு சக்கரத் தடங்கள்.
முழுசாய் இறுகுமுன் யாரோ ஏறியிருக்கிறார்கள்.

அது போலியோக் கோடை.
அந்த வீட்டுப் பையன் மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரம்.
அவன் பெயர் ஹூசக்குக்குத் தெரியாது,
வீட்டை விற்றவர்களுக்கும் தெரியாது.

நான் குனிந்து பார்த்தேன்.
இரண்டு தடங்களுக்கும் நடுவே
தள்ளிக்கொண்டு போனவரின் செருப்படி இருக்க வேண்டும்.
இல்லை.
பாதி வழியில் சக்கரம் பின்னுக்குச் சறுக்கிய கீறல்.
பக்கவாட்டில், ஊன்றிய ஒரு சின்னக் கை.
அதற்கு மேலும் தடம் போகிறது,
கதவு வரைக்கும்.

லோர்னா டேப் வைத்து அளந்தார்.
"கட்டடக்கலை மதிப்பு ஒன்றுமில்லை."
உண்மைதான். அதையும் எழுதிக்கொண்டேன்.

ஓட்டெடுப்பு: இடிக்க இரண்டு, வேண்டாம் இரண்டு.
கொதிகலன்கூட அணைந்துவிட்டது போலிருந்தது.
பேனாவோடு கையைத் தூக்கினேன்.
எந்தப் பக்கம் என்று
என் கையெழுத்திலேயே இருக்கிறது.

சாய்தளம் பிழைத்தது. மானியம் போயிற்று.
என் ஓட்டுதான் அவர் கூரையில் ஓட்டை.
ஹூசக் திட்டவில்லை.
"அப்போ பக்கெட்டு வாங்கணும்" என்று
தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் முழுக்க நீலத் தார்ப்பாய்
மூன்றாம் தெருவில் படபடத்தது.
நான் நாலாம் தெரு வழியாக வேலைக்குப் போனேன்.

மே மாதம் அமுங்கிய பக்கத்தைத் தோண்டியபோது
ஹூசக் கூப்பிட்டனுப்பினார்.
கான்கிரீட்டுக்கு அடியில்
ஐந்து கல்படிகளும் அப்படியே இருந்தன.
ஊற்றியவன் ஒன்றையும் உடைக்கவில்லை.
மேலேயே ஊற்றியிருக்கிறான், அவசரத்தில்.

பிறகு அவர் தோண்டிய மண்ணை மூடினார்.
கடனுக்கு வாங்கிய கூரைத்தாள் சுருளைக்
கைவண்டியில் ஏற்றி
அந்தச் சாய்தளத்தின் வழியே தள்ளினார்.
பாதியில் வண்டி பின்னுக்குச் சறுக்கியது.
குறிப்பேட்டைக் கீழே வைத்துவிட்டு
நானும் ஒரு கை கொடுத்தேன்.